ஷாம்பேனை முதலில் திறங்கள்

பிரான்ஸில் டிசம்பர் 24 இரவு விருந்துக்கு ரெவெய்யோன் என்று பெயர். நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு திரும்பி, விழித்திருந்து சாப்பிடும் விருந்தாக அது இருந்தது. இப்போது பெரும்பாலான வீடுகளில் எட்டு மணிவாக்கில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டி ஓடுகிறது. சிப்பி, புகையூட்டிய சால்மன், ஃபுவா க்ரா என்கிற வாத்து ஈரல், அப்புறம் ஷப்போன் என்கிற கொழுத்த சேவல் அல்லது செஸ்நட் சேர்த்த வான்கோழி, பிறகு சீஸ், கடைசியில் விறகுக்கட்டை போலச் சுருட்டிச் செய்த பூஷ் கேக். இத்தனையும் ஒரே மேசையில், ஒரே இரவில். பிரெஞ்சுக்காரர்களின் விருந்து முறையை யுனெஸ்கோ 2010இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, உணவுக்கேற்ற ஒயினைப் பொருத்துவதையும் அதன் ஓர் அங்கமாகவே குறிப்பிட்டது. எனவே இது குடிக்கிற விஷயம் மட்டும் இல்லை. சமையலின் பாதி என்றே இங்கே கருதுகிறார்கள், நானும் அப்படித்தான் கருதுகிறேன்.

என் மனைவியின் குடும்பம் லியோனுக்கு வடக்கே, ப்ரெஸ் வட்டாரத்தைச் சேர்ந்தது. அந்த வீட்டு விருந்தில் ஒயின் பொறுப்பு இப்போது என்னுடையது. இந்தப் பொறுப்பில் நான் கண்டது இதுதான்: நல்ல பாட்டில்களாகப் பார்த்து வாங்கியும் பல விருந்துகளில் ஒயின் சோபிக்காமல் போவதற்குக் காரணம் வரிசை. ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாகப் பொருத்தம் பார்க்கிறோம். ஆனால் வாய் ஒன்றுதான். முந்தின கிளாஸ் நாக்கில் என்ன விட்டுவிட்டுப் போயிருக்கிறதோ அதன் மேல்தான் அடுத்த கிளாஸ் வந்து விழுகிறது.

ஷாம்பேனிலிருந்தே தொடங்கலாம். வீட்டிலுள்ள நல்ல ஷாம்பேனைக் கேக் வெட்டும் நேரத்துக்கென்று எடுத்து வைப்பது இங்கே பரவலான வழக்கம். அந்த வழக்கத்துக்கு ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் ஷாம்பேன் இனிப்பானது, லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல்கூடச் சர்க்கரை இருக்கும். ரஷ்யாவுக்கு அனுப்பியதில் இன்னும் அதிகம். பொம்மெரி நிறுவனம் 1874ஆம் ஆண்டு அறுவடையில் இங்கிலாந்துக்காரர்களின் ருசிக்கென்று இனிப்பில்லாத ஷாம்பேன் செய்து, அது வெற்றி பெற்ற பிறகுதான் ப்ரூத் வகை மெல்ல ஊன்றியது. ஒயின் மாறிய பிறகும் கேக்கோடு திறக்கும் பழக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இன்றைய ப்ரூத்தில் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரைதான். லட்டு தின்ற வாயோடு காப்பி குடித்தால், சர்க்கரை போட்ட காப்பியும் கசக்கிறதே, சாக்லேட் க்ரீம் கேக்குக்குப் பிறகு ப்ரூத் ஷாம்பேனுக்கு நேர்வது அதேதான். பழவாசனை மறைந்து புளிப்பு மட்டும் மிஞ்சும். நாற்பது ஐம்பது யூரோ கொடுத்து வாங்கிய பாட்டிலை இப்படிச் செலவழிப்பது எனக்கு மனசே வராத காரியம்.

அதனால் ஷாம்பேனை விருந்தினர் வந்து கோட்டைக் கழற்றியதும் திறந்துவிடுங்கள். பசித்த வாய், களைக்காத நாக்கு. கூடவே கூழேர் என்கிற சீஸ் போட்டுச் சுட்ட சின்ன உருண்டைகள், கொஞ்சம் உப்புப் பாதாம். ஷாம்பேனின் புளிப்புக்கு உப்பும் கொழுப்பும்தான் சரியான ஜோடி. நுரை நாக்கைத் துடைத்து அடுத்த வாய்க்குத் தயார் செய்யும். மேசைக்கு ஆள் அதிகம் என்றால் க்ரெமான் என்கிற நுரை ஒயினை வாங்கலாம். அல்சாஸ், லுவார், பர்கண்டி, ஜூரா, லிமூ என்று 8 வட்டாரங்களில் செய்கிறார்கள். ஷாம்பேன் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்க வைக்கும் முறைதான், விலை மட்டும் பாதிக்கும் கீழே.

அடுத்தது சிப்பி. டிசம்பர் வந்துவிட்டால் பாரிஸில் பிரஸ்ஸரி என்கிற உணவகங்களின் வாசலில், நடைபாதையிலேயே, ஐஸ் பரப்பிய மேசை போட்டுச் சிப்பி உடைப்பவர்கள் நிற்பார்கள். சிப்பிக்கு எண் உண்டு, எண் குறையக் குறைய அளவு பெரிது. 3ஆம் எண் வீட்டு விருந்துக்குப் போதுமான அளவு. உடைத்ததும் உள்ளே இருக்கும் முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஓட்டின் துணுக்கும் கடலின் கடுப்பான உப்பும் அதோடு போய்விடும். சில நிமிடத்தில் சிப்பி தானாக இரண்டாவது முறை நீர் விடும். அந்த நீர் மென்மையானது, இலேசான இனிப்புகூட உண்டு. ஒயின் பொருந்த வேண்டியது அந்த நீரோடுதான்.

அதற்கு என் முதல் தேர்வு முஸ்கதே. லுவார் ஆறு கடலில் சேரும் இடத்துக்கருகே, நாந்த் நகரைச் சுற்றி விளைவது. மெலோன் த பூர்கோஞ் என்கிற திராட்சை, பெயரிலேயே பர்கண்டி இருந்தாலும் இன்று அதன் வீடு நாந்த்தான். லேபிளில் ‘சுர் லீ’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். நொதித்து முடிந்த ஈஸ்ட் வண்டலின் மேலேயே குளிர்காலம் முழுக்க ஒயினை வைத்திருந்து, மறு ஆண்டு மார்ச்சுக்குப் பிறகே பாட்டிலில் அடைத்தது என்று அர்த்தம். அந்த வண்டல் ஒயினுக்கு ஒரு சதைப்பற்றைக் கொடுக்கிறது, கூடவே நாக்கு நுனியில் ஊசி குத்துவது போன்ற மெல்லிய வாயுவையும் விட்டுவைக்கிறது. எலுமிச்சை பிழிய வேண்டிய வேலையை ஒயினே செய்துவிடும். சுமார் 12 சதவீத ஆல்கஹால், பத்து யூரோவை ஒட்டிய விலை. இந்தச் சோடிக்கு இதற்கு மேல் செலவழித்தால் கௌரவம் கூடுமே தவிர ருசி கூடும் என்று நான் நினைக்கவில்லை.

கௌரவமும் வேண்டும் என்றால் ஷப்லி. அது ஷார்தொனே திராட்சை, பர்கண்டியின் வடகோடி, குளிர் பூமி. அங்கே நிலத்தைக் கிளறினால் கமா வடிவத்தில் குட்டிக் குட்டிச் சிப்பிகளின் புதைபடிவங்கள் கிடைக்கும். 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடி அது. அந்தப் படிவத்திலிருந்துதான் சிப்பி வாசனை ஒயினுக்குள் ஏறுகிறது என்று சொல்லிக்கொள்வார்கள். அதை நான் நம்பவில்லை. கூர்மையான புளிப்பும் மரப்பீப்பாயின் வாடை இல்லாத சுத்தமும்தான் காரணம். அதனால்தான் சாதாரண ஷப்லியே சிப்பிக்குச் சரியாக வருகிறது, பீப்பாயில் ஊறிய, க்ராண் க்ரூ என்கிற விலையுயர்ந்த உச்சத் தர ஷப்லி அவ்வளவு சரிப்படுவதில்லை.

சிவப்பு ஒயினைச் சிப்பியோடு தொடவே கூடாது. வாயில் மீன்வாடையும் ஆணியை நக்கியது போன்ற உலோகச் சுவையும் எழும். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து, ஒயினில் கரைந்திருக்கும் இரும்புதான் காரணம் என்று காட்டினார்கள். இரும்பு கூடக் கூட மீன்வாடையும் கூடுகிறது. அதேபோல வெங்காயம் நறுக்கிப் போட்ட வினிகர் சாஸைச் சிப்பியோடு வைக்கிறார்கள். வினிகர் வாய்க்குள் போனபின் எந்த ஒயினும் எடுபடாது. ஒன்று சாஸ், இல்லை ஒயின்.

சால்மனுக்குத் தனி பாட்டில் வேண்டாம். சிப்பிக்குத் திறந்ததே அதற்கும் போதும்.

இப்போது ஃபுவா க்ரா. பறவைக்குக் கட்டாயத் தீனி கொடுத்துச் செய்வதால் இதை வேண்டாம் என்பவர்கள் பிரான்ஸிலேயே கணிசம். வைக்கிற வீடுகளில், கூட ஒரு சோத்தேர்ன் நிச்சயம் வரும். போர்தோவுக்குத் தெற்கே ஐந்து ஊர்களில் செய்யும் பொன்னிற இனிப்பு ஒயின் அது. சிரோன் என்ற சிற்றாற்றின் குளிர்ந்த நீர் கரோன் ஆற்றின் வெதுவெதுப்பான நீரில் கலக்கும் இடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழுகிறது. அந்த ஈரத்தில் போத்ரித்திஸ் என்ற பூஞ்சை திராட்சைத் தோலில் பிடித்து, பழத்தின் நீரை உறிஞ்சிச் சர்க்கரையை அடர்த்தியாக்குகிறது. பழங்கள் ஒரே நேரத்தில் பக்குவப்படாததால் அதே கொடிக்குப் பல முறை திரும்பி வந்து பறிக்க வேண்டும். ஷாத்தோ திக்கெம் என்ற சோத்தேர்ன் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின்தான் தேறும் என்பார்கள். 2012இல் பழம் சரியில்லை என்று அவர்கள் அந்த ஆண்டு தங்கள் சோத்தேர்னையே வெளியிடவில்லை.

இவ்வளவு உழைப்பில் வந்த ஒயினின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. அதனாலேயே அதை விருந்தின் தொடக்கத்தில் வைப்பது வேண்டாம் என்கிறேன். சோத்தேர்னில் லிட்டருக்கு நூறு கிராமைத் தாண்டிய சர்க்கரை இருக்கும். ஈரலும் கொழுப்பு, கூட வைக்கும் அத்திப்பழ ஜாமும் இனிப்பு, ப்ரியோஷ் ரொட்டியும் வெண்ணெய். இரண்டு கிளாஸில் வயிறு நிறைந்தது போலாகிவிடும். பிரதான உணவு இன்னும் வரவே இல்லை! அடுத்து ஊற்றும் இனிப்பில்லாத வெள்ளை ஒயின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்ணீராகவும் புளிப்பாகவும் படும். எங்கள் வீட்டில் ஃபுவா க்ராவுக்கு ஷாம்பேனையே தொடர்கிறோம், ஜாமை எடுத்துவிட்டு மிளகும் கல்லுப்பும் மட்டும் தூவி. இனிப்பு வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டால் ஜுரான்சோன். பிரெனே மலையடியில், கொடியிலேயே வதங்கவிட்ட பெத்தி மன்செங் பழத்திலிருந்து வருவது. இனிப்புக்குச் சமமாக அதில் புளிப்பும் நிற்பதால் நாக்கைப் பிசுபிசுக்க விடாது. ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ், அவ்வளவுதான். சோத்தேர்ன் ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும், அதற்கு நேரம் வரும்.

ஷப்போனைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன். வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால் என்று பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறமும் கொண்டது ப்ரெஸ் கோழி. அதில் காயடித்துக் குறைந்தது எட்டு மாதம் வளர்த்த சேவல்தான் ஷப்போன். கடைசி வாரங்களில் சோளமும் பாலும் தீனி. அறுத்து இறகு பறித்ததும் துணியில் இறுகச் சுற்றித் தைத்துவிடுவார்கள், கொழுப்பு சதைக்குள் சீராக இறங்கும். டிசம்பரில் பூர்-ஆன்-ப்ரெஸ் உள்பட அந்த வட்டாரத்து நான்கு ஊர்களில் ‘லெ க்ளோரியூஸ்’ என்ற கோழிப் போட்டி நடக்கும். 1862இலிருந்து வரும் வழக்கம். விடியற்காலையிலேயே நீள மேசைகளில் அந்தத் துணி அவிழ்த்த ஷப்போன்களை வரிசையாகக் கிடத்தியிருப்பார்கள். தந்தம் போல வெளுத்த தோல், ஒரு கீறல் இருக்காது.

இந்த இறைச்சிக்குப் பலரும் வலிமையான போர்தோ சிவப்பைத் திறக்கிறார்கள். பண்டிகை என்றால் பெரிய சிவப்பு என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் டானின் என்கிற துவர்ப்பு எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயை உலர்த்தும். மாட்டிறைச்சியின் வலுவுக்கு அது ஈடுகொடுக்கும். ஷப்போனின் வெள்ளைச் சதைக்கு அந்த வலு கிடையாது. க்ரீம் சாஸோடு சேர்ந்தால் சிவப்பு ஒயின் இன்னும் கடுத்துப்போகும்.

என் மாமியார் ஷப்போனை ‘மோரில்’ என்கிற வகைக் காளானும் க்ரீமும் சேர்த்துச் செய்வார். அதற்குப் பக்கத்து மலையான ஜூராவின் வேன் ஜோன். ‘மஞ்சள் ஒயின்’ என்று அர்த்தம். சவன்யேன் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினைப் பீப்பாயில் ஊற்றி, ஆவியாகிக் குறைவதை நிரப்பாமல் அப்படியே விட்டுவிடுவார்கள். மேற்பரப்பில் ஈஸ்ட் ஒரு ஆடை கட்டும். அந்த ஆடையின் கீழ், அறுவடைக்குப் பிறகு ஆறாவது ஆண்டின் டிசம்பர் வரை, ஒயின் கிடக்க வேண்டும். ஒரு லிட்டர் ஊற்றினால் கடைசியில் 62 சென்டிலிட்டர்தான் மிஞ்சும் என்பது கணக்கு, அதனால் க்ளாவலேன் என்கிற அதன் குட்டைப் பாட்டிலின் அளவும் 62 சென்டிலிட்டர்.

கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் அக்ரூட், உலர்ந்த ஆப்பிள், அப்புறம் நம் மூக்குக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று: வெந்தயம். இது கற்பனை இல்லை. வெந்தயத்துக்கு மணம் தரும் சோத்தலோன் என்ற வேதிப்பொருள்தான் வேன் ஜோனுக்கும் அந்த மணத்தைத் தருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் ‘கறித்தூள் வாசனை’ என்று எழுதுவார்கள். நாமோ தாளிக்கும்போது வெந்தயம் சிவக்கும் அந்த நொடியை அடையாளம் காண்போம். முதல்முறை குடிக்கும் பலருக்கு, பிரெஞ்சுக்காரர்களுக்கும்தான், இது பிடிப்பதில்லை. சாஸோடு சேர்த்துக் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். க்ரீமின் கனத்தை அது பிளந்துகொண்டு போகும், காளானின் மண்வாசனை இரண்டு மடங்காகும். வேன் ஜோனை ஃப்ரிட்ஜிலிருந்து நேராகக் கொடுத்தால் வாசனை எழாது, 14 அல்லது 15 டிகிரி வேண்டும். முப்பது யூரோவுக்கு மேல் விலை என்பதால், மேசைக்கு ஒரே பாட்டில் எடுத்து ஆளுக்குக் கொஞ்சமாக ஊற்றி, கூடவே மாக்கோன் அல்லது சேன்-வெரான் போன்ற பர்கண்டி ஷார்தொனேயை வைத்துக்கொள்வோம். விருந்துக்கான பணத்தைச் சிவப்பில் கொட்டாமல் இந்தத் தட்டில் கொட்டச் சொல்வேன்.

க்ரீம் இல்லாமல் வெறுமனே வாட்டிய ஷப்போன், அல்லது செஸ்நட் சேர்த்த வான்கோழி என்றால் சிவப்பு நன்றாகவே பொருந்தும். ஆனால் மெல்லிய சிவப்பு. செஸ்நட்டில் மாவும் இனிப்பும் உண்டு, வான்கோழி நெஞ்சுக்கறி கொஞ்சம் உலர்ந்தது, இரண்டுக்கும் சாறு நிறைந்த ஒயின் தேவை. போஜொலே வட்டாரத்தில் க்ரூ என்று தனிப்பெயரோடு வரும் பத்து ஒயின்களில் ஒன்றை, மோர்கோன் அல்லது முலேன்-ஆ-வான், சில ஆண்டு பழையதாகப் பார்த்து வாங்குங்கள். நவம்பரில் வரும் புது ஒயினான போஜொலே நூவோவைக் குடித்துவிட்டு போஜொலேயே அவ்வளவுதான் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. போஜொலே செய்யும் கமே திராட்சைக்கு இந்த இளக்காரம் புதிதில்லை. 1395இலேயே பர்கண்டிப் பிரபு ஃபிலிப் அதைத் தன் நிலத்திலிருந்து பிடுங்கி எறிய ஆணை போட்டார். ஆனால் கருங்கல் மண்ணில் வளர்ந்த நல்ல கமே, ஐந்தாறு வருடத்தில் பர்கண்டியின் பினோ நுவாருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கணப்பு எரியும் அறையில் சிவப்பு ஒயின் 22 டிகிரிக்குச் சூடாகிவிடும், ஆல்கஹால் மூக்கில் ஏறும். பரிமாறுவதற்கு முன் பாட்டிலை அரை மணி நேரம் பால்கனியில் வையுங்கள். டிசம்பரில் ஃப்ரிட்ஜ் நிரம்பி வழியும் பாரிஸ் வீடுகளில் பால்கனிதான் இரண்டாவது ஃப்ரிட்ஜ்.

சீஸ் தட்டு வரும்போது சோத்தேர்னை எடுங்கள். ரோக்ஃபோர் செம்மறியாட்டுப்பால் சீஸ், நீல நரம்போடியது, உப்பு தூக்கலாக இருக்கும். அந்த உப்பும் சோத்தேர்னின் இனிப்பும் சந்திக்கும்போது இரண்டுமே மட்டுப்பட்டு, ஆப்ரிகாட்டும் தேனுமாக ஒயின் விரியும். பின்னால் வரப்போவது இனிப்புதான் என்பதால் இந்த இனிப்பு எதையும் கெடுக்காது. தட்டில் ‘கோந்தே’ என்கிற சீஸ் இருந்தால் மிச்ச வேன் ஜோனுக்கு அதுவே துணை. காமாம்பேர் போன்ற மென்மையான சீஸோடு சிவப்பைக் குடிக்கும் வழக்கத்தை மட்டும் கைவிட்டுப் பாருங்கள். சிவப்பு கசக்கும், வெள்ளை கசக்காது.

கேக்குக்கு விதி ஒன்றுதான்: தட்டில் உள்ளதைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும். சாக்லேட் பூஷ் என்றால் ஸ்பெயின் எல்லையோரத்துப் பனியுல்ஸ் அல்லது மோரி. கருப்பு க்ரெனாஷ் திராட்சை நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயம் சேர்த்து நிறுத்துவார்கள், மீதிச் சர்க்கரை ஒயினிலேயே தங்கிவிடும். கொக்கோ, உலர்ந்த அத்தி, காப்பி என்று சாக்லேட்டின் உறவினர்கள் எல்லாம் அதில் இருக்கும். பழம் வைத்த கேக் என்றால் கிளேரெத் த தீ. மஸ்கட் திராட்சை, இனிப்பு, நுரை, 7 முதல் 9 சதவீதம் ஆல்கஹால். கேக் வெட்டும்போது தக்கை பறக்கும் சத்தம் வேண்டும் என்ற பெரியவர்களின் ஆசையும் நிறைவேறும்.

நம் ஆட்களில் பலர் குடிப்பதில்லை. அவர்களை யாரும் இங்கே வற்புறுத்துவதில்லை. ஆனால் வெறும் தண்ணீரோடு அவர்களை உட்கார வைப்பது சரியில்லை என்பது என் கருத்து. நார்மண்டி ஆப்பிள் சாறு, நுரைத்ததும் நுரைக்காததும், சிப்பியிலிருந்து வான்கோழி வரை நன்றாகவே பொருந்தும். விருந்துக்குப் போகிறவர்கள் பாட்டில் கொண்டுபோனால், அதை அன்றே திறக்கவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். வீட்டுக்காரர் தன் வரிசையை முன்பே முடிவு செய்திருப்பார்.

அளவுக்கு: 75 சென்டிலிட்டர் பாட்டில் ஆறு கிளாஸ். இவ்வளவு வகை வைக்கும் இரவில் ஒவ்வொன்றிலும் அரை கிளாஸ் போதும். மிச்சமாகும் என்று கவலை வேண்டாம். திறந்த வேன் ஜோன், காற்றோடு ஆறு வருடம் பழகியது, வாரக்கணக்கில் தாங்கும். மறுநாள் மிச்ச ஷப்போனைச் சூடாக்கும்போது சாஸில் இரண்டு கரண்டி விடலாம். சோத்தேர்ன் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும், பனியுல்ஸ் அதற்கும் மேல். முஸ்கதேயை மறுநாள் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். ஷாம்பேனை அன்றிரவே.